லாக் நட்டுச் சாவி வீட்டில் இருந்தது

இரவு ஒன்பதே முக்காலுக்குத் தங்கை கூப்பிட்டாள். என் காரைத்தான் எடுத்துப் போயிருந்தாள், பின் சீட்டில் அம்மா. "அண்ணா, பின்பக்க டயர் பஞ்சர். ஓரமா நிறுத்திட்டேன். என்ன பண்ணட்டும்?" அந்த நொடி எனக்குப் பதற்றம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. இப்படி ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருடமாக டிக்கியில் ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறேன்! ஸ்டெப்னியில் காற்று இருக்கிறது, போன மாதம்தான் பார்த்தேன். ஜாக்கி, ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம், டார்ச், முதலுதவிப் பெட்டி, ஜம்பர் கேபிள், இழுக்கும் கயிறு, போர்வை, தண்ணீர், எதுவும் குறைவில்லை. "பயப்படாதே, எல்லாம் டிக்கியிலேயே இருக்கு" என்றேன். நான்கு மாதம் ஆகிவிட்டது. அந்த வாக்கியம் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

டிக்கியைத் திறந்தாள். மேலே மூன்று பெட்டிகள், அம்மாவின் பை. அவற்றை இறக்கிக் கீழே வைத்தால்தான் அடித்தட்டைத் தூக்க முடியும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் அந்தத் தட்டுக்குக் கீழே. "டார்ச் எங்கே?" என்றாள். கறுப்புப் பையில் என்றேன். கறுப்புப் பை எங்கே? அதுவும் தட்டுக்குக் கீழேதான். டார்ச்சைக் கண்டுபிடிக்க ஃபோன் வெளிச்சம் வேண்டும். ஃபோனை உள்ளே நீட்டினால் நான் பேசுவது அவளுக்குக் கேட்காது. லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் பேச்சு அறுந்தது. ஃபோனில் சார்ஜ் பதினொரு சதவீதம் என்று நடுவில் ஒருமுறை சொன்னாள். அப்படியும் அவள் தளரவில்லை. முக்கோணத்தைப் பிரித்து வைத்தாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், எதிர்மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தாள். "ஜாக்கியில தூக்குறதுக்கு முன்னாடியே நட்டை இளக்கிடு, தூக்கின பிறகு சக்கரம் சுத்தும்" என்றேன். ஸ்பேனர் மேல் காலை வைத்து அழுத்தி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இளக்கினாள். ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். பிறகு, "அஞ்சாவது நட்டு வேற மாதிரி இருக்கு அண்ணா. ஸ்பேனர் உள்ளேயே போகல."

கை சில்லிட்டது எனக்கு. சக்கரம் திருடு போகாமல் இருக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை மட்டும் தனி வடிவத்தில் வைத்திருப்பார்கள். அதைக் கழற்ற லாக் நட்டுச் சாவி என்று விரல் நீளத்துக்கு ஒரு சின்ன இரும்புத் துண்டு வேண்டும். அதை நட்டின் மேல் பொருத்தி, அதன் மேல் ஸ்பேனரைப் போட வேண்டும். அந்த இரவுக்கு இரண்டு மாதம் முன்பு டயர் மாற்றியபோது மெக்கானிக் அதை என் கையில் கொடுத்து, "பத்திரமா வைங்க, தொலைஞ்சா ரொம்பக் கஷ்டம்" என்றார். பத்திரமாகத்தான் வைத்தேன். பேசிக்கொண்டே எழுந்து போய் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். பேனாக்களுக்கு நடுவில் கிடந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "அண்ணா, இருக்கியா?" என்றாள். "அது இங்கே இருக்கு" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. ஒரு லாரி கடந்தது. "சரி. சார்ஜ் போயிடும், வைக்கிறேன். நான் அம்மாவைப் பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உதவி வண்டி வந்து காரை மேலே ஏற்றிக்கொண்டபோது பதினொன்றரை. அதுவரை இருவரும் சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பளிச்சிடும் ஜாக்கெட் காரில் ஒன்றே ஒன்று இருந்தது. அதை அம்மாவுக்குப் போட்டுவிட்டிருந்தாள். மறுநாள் காலை, கோபமே இல்லாமல் சொன்னாள்: "எல்லாம் இருந்துச்சு அண்ணா. ஆனா நீ ஓட்டுறப்ப மட்டும்தான் இருக்கும் போல."

அதற்குப் பிறகு, காரில் வைக்க வேண்டியவை பற்றி எழுதப்பட்ட பட்டியல்களை நிறையப் படித்தேன். பத்துப் பொருள், இருபது பொருள், நாற்பது பொருள். நான் வாங்கி வைத்ததும் இவற்றைப் பார்த்துத்தான். எந்தப் பட்டியலும் வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்கவில்லை. பொருள் எந்த இடத்தில் இருக்கிறது, அதை எடுக்க எதையெல்லாம் நகர்த்த வேண்டும், எடுத்த கைக்கு அதைப் பயன்படுத்தத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. என் காரில் பொருட்கள் இருந்தன. அவற்றின் வரைபடம் என் தலைக்குள் இருந்தது. அதிலும் ஒரு இடம் தப்பு.

கைக்கு எட்டும் தூரம்

முதலில் டிக்கியை முழுக்கக் காலி செய்தேன். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'இது தேவைப்படும் நொடியில் நான் எங்கே இருப்பேன்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பாதிப் பொருட்கள் இடம் மாறிவிட்டன. பளிச்சிடும் ஜாக்கெட் தேவைப்படுவது கதவைத் திறப்பதற்கு முன்னால். அதை டிக்கியில் வைத்தால், ஜாக்கெட் இல்லாமல் இறங்கி, ஓடும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டியபடி தேட வேண்டும். பிரான்ஸில் 2008 முதல் ஜாக்கெட்டைக் காரின் உள்ளேயே, இறங்காமல் எடுக்கும்படி வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இப்போது என் காரில் எத்தனை சீட்டோ அத்தனை ஜாக்கெட். ஒன்று மட்டும் இருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வலிக்கிறது. இருட்டில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வருகிற வண்டிகளின் கண்ணுக்கு ஒருவர்தான் இருந்தார்.

முக்கோணத்தைப் பற்றி என் கருத்தே மாறிவிட்டது. பிரான்ஸின் விதி அதைக் குறைந்தது 30 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது. பிரிட்டனின் சாலை விதிகளில் அது 45 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் கடக்கும். அப்படியென்றால் 30 மீட்டர் என்பது ஒரு நொடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தள்ளி வைக்க வைக்க நல்லது. ஆனால் தள்ளிப் போய் வைக்க நடப்பதே ஆபத்து. அதே பிரிட்டன் விதிகள் அதிவேகச் சாலையில் முக்கோணத்தை வைக்கவே கூடாது என்கின்றன. ஸ்பெயின் 2026 ஜனவரி முதல், காரின் கூரையில் உள்ளிருந்தே கையை நீட்டி ஒட்டவைக்கும் மின்னும் விளக்கைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முக்கோணம் வைக்கப் போனவர்கள் அடிபட்டு இறந்ததுதான் காரணம். காந்தம் பொருத்திய அந்த மாதிரி விளக்கு ஒன்றை வாங்கி ஓட்டுநர் கதவுப் பையில் வைத்திருக்கிறேன். தங்கை அன்று இருட்டில் முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

சீட் பெல்ட்டை அறுத்துக் கண்ணாடியை உடைக்கும் கருவி நான் முன்பு டிக்கியில் இருந்த கறுப்புப் பைக்குள் வைத்திருந்தது. தண்ணீரில் இறங்கிய காரில் பெல்ட்டோடு மாட்டிக்கொண்டவர் டிக்கிக்கு எப்படிப் போவார்? இதில் இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. கண்ணாடியில் இரண்டு வகை. அடித்தால் சின்னச் சின்னத் துகள்களாகக் கொட்டுவது டெம்பர்டு. நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது லேமினேட்டட்; விரிசல் விடும், வழி விடாது. முன்பெல்லாம் காற்றுத் தடுப்புக் கண்ணாடி மட்டும்தான் லேமினேட்டட். இப்போது பல கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படி வருகிறது. அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் சங்கம் 2019-இல் இத்தகைய ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு கருவிகள் டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. எந்தக் கண்ணாடி எந்த வகை என்று அதன் மூலையில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். போய்ப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. என் காரில் முன்கதவுகள் இரண்டும் லேமினேட்டட், பின்கதவுகள் டெம்பர்டு. நான் எந்த ஜன்னலை உடைக்க வேண்டும் என்பதே இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். பல கார்களில் டிக்கியின் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது. பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் டிக்கி திறக்காது. ஜம்பர் கேபிளோ டிக்கிக்குள் இருக்கும்! பின்சீட்டை மடக்கி உள்ளே கைவிட்டு எடுக்க முடிகிறதா என்று உங்கள் வண்டியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரிமோட் சாவிக்குள் கதவைத் திறக்க ஒரு நிஜச் சாவி ஒளிந்திருக்கும், அதையும் ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள். நான் கேபிளை முன்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

கனமானதை மட்டும் உள்ளே கட்டாமல் வைக்கக் கூடாது. ஒரு கிலோ தீயணைப்பான் மோதலின்போது அதே வேகத்தில் முன்னால் பறக்கும். தாங்கியில் திருகிப் பூட்ட வேண்டும், ஓட்டுநர் சீட்டுக்கு முன்பக்கம் அடியில் என்றால் நல்லது. பானெட்டுக்குள் புகை வந்தால் முழுக்கத் திறக்க வேண்டாம், காற்றுப் பட்டால் தீ எழும்பும். தாழை மட்டும் விடுவித்து, அந்த இடுக்கு வழியாக அடிக்க வேண்டும். ஒரு கிலோ தூள் பத்து நொடி அளவில் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்காத தீ என்றால் விலகிப் போய்விட வேண்டும்.

சும்மா கிடந்தாலும் கெடும்

ஸ்டெப்னி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல் ஒரு தெருவின் பெயரிலிருந்து வந்தது. 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த பட்டறையில்தான் மாற்றுச் சக்கரம் பிறந்தது. அதுவரை கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் ஓடின. பஞ்சர் ஆனால் நடுவழியில் டியூபைக் கழற்றி ஒட்ட வேண்டும். இவ்வளவு வரலாறு உள்ள பொருளை நாம் வாங்கிய நாளிலிருந்து இருட்டில் படுக்கப் போட்டு மறந்துவிடுகிறோம். ஓடாத டயருக்கும் வயது ஏறும், ரப்பர் இறுகும். டயரின் பக்கவாட்டில் 'டாட்' (DOT) எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. என் ஸ்டெப்னியில் காற்று சரியாக இருந்தது உண்மை. ஆனால் அது காரோடு வந்தது, ஒன்பது வயது. அன்று அந்த நட்டு கழன்றிருந்தால், ஒன்பது வயது டயரில் அம்மாவையும் தங்கையையும் நள்ளிரவில் நானே ஓடவிட்டிருப்பேன். மெலிந்த தற்காலிகச் சக்கரம் வைத்திருப்பவர்கள் அதன் மேலே எழுதியிருக்கும் வேகத்தையும் காற்றழுத்தத்தையும் படித்துக்கொள்ளவும். வேகம் பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள். காற்று மட்டும் சாதாரண டயரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, 60 பிஎஸ்ஐ கேட்கும். ஸ்டெப்னியே தராமல் பஞ்சர் திரவம் மட்டும் தரும் கார்களில், அந்த டப்பாவுக்கும் காலாவதித் தேதி உண்டு. டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது.

வெயிலில் நிற்கும் காரைப் போல் பொருட்களைக் கெடுக்கும் பெட்டி வேறு இல்லை. மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பத்தைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும், அதில் பெரும்பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே. என் டார்ச்சைத் திறந்தபோது பேட்டரிகள் கசிந்து பச்சை பூத்துக் கிடந்தன. அன்று தங்கை அதைத் தேடி எடுத்திருந்தாலும் எரிந்திருக்காது. முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டரின் பசை காய்ந்து உதிர்ந்தது. மாத்திரைகளை நான் இப்போது காரில் வைப்பதே இல்லை. அம்மாவின் மருந்து அவர் கைப்பையில் போகிறது, திரும்பி வருகிறது. பவர் பேங்க்கும் அப்படித்தான், லித்தியம் பேட்டரியைக் கொதிக்கும் காரில் மாதக்கணக்கில் கிடத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. காரின் பன்னிரண்டு வோல்ட் துளையில் செருகும் சார்ஜரும் கேபிளும் நிரந்தரமாக இருக்கின்றன. பெட்டியில் மீதி இருப்பவை வெப்பத்துக்கு அவ்வளவாக அஞ்சாதவை: கையுறை, துணிக்கட்டு, முக்கோணத் துணி, கத்தரி, ரத்தப்போக்கை நிறுத்த அழுத்திக் கட்டும் பட்டை, உள்ளங்கை அளவுக்கு மடியும் வெள்ளித்தாள் போர்வை. அந்தப் போர்வை 1964-இல் நாசா விண்வெளிக்காக உருவாக்கிய படலத்திலிருந்து வந்தது. ஒரு ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறேன், இடமே அடைக்காது.

ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கூப்பிட்டேன். வெட்டவெளியில் சமதரையில் காரை நிறுத்தி, நல்ல சக்கரத்தையே கழற்றி மாட்டுவது என்று முடிவு. நான் தொடுவதில்லை, அவள்தான் முழுக்கச் செய்ய வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றது எனக்கு எந்தப் பட்டியலிலும் கிடைக்கவில்லை.

ஸ்பேனர்தான் முதலில் தோற்றது. காரோடு வந்தது 25 சென்டிமீட்டர் நீளம். சக்கர நட்டு சாதாரணமாக 110 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கப்பட்டிருக்கும். 25 சென்டிமீட்டர் பிடியில் அதை இளக்க ஏறக்குறைய 45 கிலோ அழுத்தம் வேண்டும். பிடி 50 சென்டிமீட்டர் ஆனால் 22 கிலோ போதும். மெக்கானிக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கியிருந்தால் இரண்டு கணக்குமே ஏறும். அன்று இரவு அவள் காலால் மிதித்தது இதனால்தான், வழுக்கியிருந்தால் கணுக்கால் போயிருக்கும். இழுத்தால் நீளும் ஸ்பேனர் ஒன்றை அன்றே வாங்கினேன். கையால் இழுத்தே இளக்கினாள். அந்த ஒரு பொருளுக்காக மற்றதில் பாதியை நான் விட்டுக்கொடுப்பேன்.

அடுத்து, டார்ச்சைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. வாயில் கடித்துக்கொண்டாள். தலையில் மாட்டும் விளக்கு வாங்கினோம், பேட்டரியைத் தனியாக வைத்தோம். ஜாக்கியைக் காரின் அடிவிளிம்பில் எந்த இடத்தில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே வெட்டு ஒன்று அடையாளத்துக்கு இருக்கும், தப்பிய இடத்தில் வைத்தால் தகடு உள்ளே மடங்கும். அந்த நான்கு இடங்களிலும் வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைத்தோம். மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க ஒரு பலகைத் துண்டு, ஏழுக்கு ஏழு அங்குலம். முட்டி போட ஒரு ரப்பர் பாய். கழற்றிய சக்கரத்தை காரின் அடியில் தள்ளி வைக்கச் சொன்னேன், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல் உட்காரும். நட்டுகளை வட்டமாக இறுக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுவது போல் இறுக்க வேண்டும், ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும் என்று சொன்னேன். "இதெல்லாம் ஃபோன்ல எப்படி ஞாபகம் வரும், எழுதிக் கொடு" என்றாள்.

அவளே எழுதினாள். அதுதான் நல்லதாகப் போயிற்று. நான் எழுதியிருந்தால் எனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருப்பேன். ஒரு அட்டையில், அவள் கேட்ட கேள்விகளின் வரிசையில், அவள் கையெழுத்தில் இருக்கிறது. எது எங்கே, எதற்குப் பிறகு எது. பின்பக்கம் ஜம்பர் கேபிள்: சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையைச் செத்த காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசிப் பொறி பேட்டரிக்கு அருகில் பறக்கக் கூடாது, சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கழற்றும்போது அப்படியே தலைகீழாக. எஞ்சின் சூடாகி நின்றால் ரேடியேட்டர் மூடியைத் தொடாதே என்பதற்கு மட்டும் அவள் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர், திறந்த நொடியில் முகத்துக்கு வரும். கடைசியில் மூன்று ஃபோன் எண்கள். ஃபோன் செத்தால் யாருடைய எண்ணும் இப்போது யாருக்கும் மனப்பாடமில்லை.

லாக் நட்டுச் சாவியை ஸ்பேனரோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டோம். ஸ்பேனரை எடுத்தால் அதுவும் வரும். மெக்கானிக் கேட்டால் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்க முடியும், சேர்த்துத்தான் வாங்க முடியும்.

இவ்வளவும் நடந்தபோது அம்மா ஓரமாக நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் உள்ளே வைத்து, கதவுகளைச் சாத்தியதும் எழுந்து வந்து, வழக்கமாக உட்காரும் பின் சீட்டைத் திறந்து பார்த்தார். "எல்லாம் முன்னாடியே வச்சிருக்கீங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆயிட்டா நான் எதை எடுக்கணும்?" என்றார். நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உடைக்கக்கூடிய கண்ணாடிகள் இரண்டும் பின்னால்தான் இருக்கின்றன. கருவியை முன் கதவிலிருந்து எடுத்து, அவர் முன்னால் இருக்கும் சீட்டு முதுகுப் பையில் வைத்தேன். அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "எந்த மூலையில அடிக்கணும்னு காட்டு" என்றார். காட்டினேன். இன்னொன்று முன்னால் வைக்க நாளை வாங்க வேண்டும்.